ஓட்டுகிறவனுக்கு உட்கார ஓர் இடம்

(மோட்டார்த் தொழிலாளர் மன்றத் திறப்பு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று கூடியிருப்பது ஒரு மாளிகையைத் திறந்து வைப்பதற்காக அல்ல. தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம்; ஆறு கட்டில்கள்; ஒரு சமையல் மேடை; குளிக்க ஓர் அறை; ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை; ஒரு மேஜை, அதன் மேல் பத்திரிகைகள்; சுவரில் ஒரு கரும்பலகை. இவ்வளவுதான் நமது மோட்டார்த் தொழிலாளர் மன்றம். இதைவிடப் பெரிய மாட்டுக்கொட்டகை வைத்திருக்கும் பண்ணையார்கள் நம் பக்கத்தில் உண்டு.

ஆனாலும் இந்தக் கட்டடத்துக்காக நமது பஸ், லாரி, வேன், ஆட்டோத் தோழர்கள் இரண்டு வருஷம் பாடுபட்டார்கள். ஏன் பாடுபட்டார்கள்? இது எதற்கு? யாருக்குச் சொந்தம்? இதற்குள்ளே என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கக் கூடாது? இவற்றைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

கூட்டத்தில் மில் தோழர்கள் இருக்கிறீர்கள். விவசாயத் தொழிலாளத் தோழர்களும் குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள். "பஸ்காரர்களுக்கு மன்றம் என்றால் நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டே முடிப்போம்.

கேட் இல்லாத தொழிலாளி

மில்லுக்கு ஒரு கேட் உண்டு. சங்கு ஊதினால் நூற்றுக்கணக்கான பேர் அந்த ஒரே வாசல் வழியாக வெளியே வருகிறார்கள். எதிரே டீக்கடை. அங்கே நின்று பேசுகிறார்கள். யாருக்குச் சம்பளம் பிடித்தார்கள், எந்த மேஸ்திரி யாரைத் திட்டினான், எந்த இயந்திரத்தில் யாருக்கு விரல் போயிற்று, எல்லாம் அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சங்கத்தின் துண்டுப் பிரசுரமும் அங்கேதான் கைமாறும்.

வயலுக்குக் கேட் இல்லை. ஆனால் நடவுக்கு வரிசை உண்டு. இருபது பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து நடுகிறார்கள். குனிந்தபடியே பேசுகிறார்கள், பாடுகிறார்கள், கூலியைப் பற்றிக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கும் வருகிறார்கள். அறுப்புக் காலத்தில் களத்து மேடு இருக்கிறது. ராத்திரிக்குத் தெருவில் ஒரு வேப்பமரத்தடி இருக்கிறது.

மோட்டார்த் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? அவருடைய தொழிற்சாலைக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலையில் மொத்தம் இரண்டு பேர். பஸ் என்றால் ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர். லாரி என்றால் ஒரு டிரைவர், ஒரு கிளீனர். இப்போது பல லாரிகளில் கிளீனரும் இல்லை. எதிர்த்திசையில் தன் தோழன் வருவதைக் கண்டால் கையை உயர்த்துகிறார்; அவரும் கையை உயர்த்துகிறார்; அதற்குள் வண்டிகள் கடந்துவிடுகின்றன. பத்து வருஷம் ஒரே ரூட்டில் எதிரும் புதிருமாக ஓடிய இருவர், பத்து நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

இதன் விளைவு என்ன? ஒருவருடைய குறை அவருடைய குறையாகவே நின்றுவிடுகிறது. டீசல் அதிகம் செலவாயிற்று என்று ஒரு டிரைவருக்குக் கணக்குக் கேட்கிறார்கள். வண்டியில்தான் கோளாறு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தனக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று எண்ணிப் பேசாமல் போகிறார். அதே வண்டியை ஓட்டிய இன்னும் மூன்று பேருக்கும் அதே கணக்கு வந்திருக்கிறது. நான்கு பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் உண்மை வெளிப்படும். உட்கார இடம் இல்லை. ஆகவே உண்மையும் வெளியே வருவதில்லை.

தோழர்களே, மில் தொழிலாளிக்குக் கேட் எப்படியோ, நடவுப் பெண்ணுக்கு வரிசை எப்படியோ, அப்படித்தான் மோட்டார்த் தொழிலாளிக்கு இந்த மன்றம். இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சுமைதாங்கியும் வண்டிப்பேட்டையும்

சாலையில் பாரம் கொண்டு போகிறவனுக்கு இளைப்பாற இடம் வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. நம் முன்னோர் அறிந்ததுதான். பழைய சாலைகளின் ஓரத்தில் இன்றும் சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கிறோம். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கலாம். மூச்சு வாங்கிவிட்டுத் தானே தூக்கிக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, சுமையை இறக்க ஒரு கல்.

மாட்டுவண்டிக் காலத்தில் வண்டிப்பேட்டைகள் இருந்தன. மாட்டை அவிழ்த்துக் கட்டலாம், தண்ணீர் காட்டலாம், கல்லைக் கூட்டிச் சோறு பொங்கலாம். நாலு ஊர் வண்டிக்காரர்கள் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, எந்தச் சந்தையில் என்ன வாடகை, எந்த வியாபாரி ஏமாற்றுகிறான் என்று பேசிக்கொள்வார்கள்.

மோட்டார் வந்தது. வேகம் வந்தது. பல ஊர்களில் வண்டிப்பேட்டை என்பது தெருவின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிய ஊர், டிரைவருக்கு ஒரு குழாய் வைக்க மறந்துவிட்டது. பயணிக்கு நாற்காலி உண்டு. சரக்குக்குக் கிடங்கு உண்டு. வண்டிக்குப் பட்டறை உண்டு. ஓட்டுகிறவனுக்கு? ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சீட்டு. ராத்திரிக்கும் அதே சீட்டு.

2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் கனரக, நடுத்தர லாரிகளின் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் கூண்டைக் குளிர வைத்தாலும் கூண்டு வீடாகிவிடாது. அதில் கால் நீட்ட முடியாது, குளிக்க முடியாது, இன்னொரு மனிதனோடு சேர்ந்து சாப்பிட முடியாது.

லண்டனில் ஒரு பச்சைக் கொட்டகை

வெளிநாட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

லண்டன் நகரத்தில் குதிரை வண்டிகள் வாடகைக்கு ஓடிய காலம். மழையிலும் பனியிலும் வண்டிக்காரர் வெளியேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் வண்டியை விட்டு அகலக் கூடாது என்பது விதி. வயிற்றுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஒரு பையனுக்குக் காசு கொடுத்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு மதுக்கடைக்குள் நுழைய வேண்டியதுதான். சூடான இடம் அது ஒன்றுதான்.

1875-ல் சில கனவான்கள் சேர்ந்து வண்டிக்காரர் தங்கல் நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பத்திரிகை ஆசிரியர் முன்நின்றார். ஷாப்ட்ஸ்பரி பிரபுவும் அதில் சேர்ந்தார். வண்டி ஸ்டாண்டுகளின் பக்கத்திலேயே பச்சை வர்ணம் பூசிய மரக் கொட்டகைகளைக் கட்டினார்கள். நடுரோட்டில் நிற்பதால் ஒரு குதிரையும் வண்டியும் அடைக்கும் இடத்துக்கு மேல் அது போகக் கூடாது என்று போலீஸ் நிபந்தனை. உள்ளே ஒரு சின்னச் சமையலறை. பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். 1914க்குள் 61 கொட்டகைகள் எழுந்தன. அவற்றில் 13 இன்றும் நிற்கின்றன. டாக்சி டிரைவர்கள் அவற்றில் டீ குடிக்கிறார்கள்.

நல்ல காரியம்தான். சூடான டீயும் காய்ந்த பெஞ்சும் கிடைத்தது பொய்யல்ல. ஆனால் உள்ளே நுழைகிறவருக்குச் சில தடைகள் இருந்தன. குடிக்கக் கூடாது. சூதாடக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது. இந்த மூன்றும் நமக்கும் சம்மதம். ஆனால் நாலாவதாக ஒன்று இருந்தது: அரசியல் பேசக் கூடாது!

கவனித்தீர்களா? தருமம் செய்கிறவன் பெஞ்சைக் கொடுக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ன பேசலாம் என்பதையும் அவனே தீர்மானிக்கிறான். இது லண்டனுக்கு மட்டும் உரிய குணம் அல்ல.

சட்டம் என்ன சொல்லிற்று?

நமது நாட்டில் 1961-ல் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் மோட்டார் நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. தினமும் நூறு தொழிலாளருக்குக் குறையாமல் வேலைக்கு வந்து போகும் இடத்தில் கான்டீன் வைக்க முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில சர்க்கார் செய்யலாம் என்றது. ராத்திரி வண்டியை நிறுத்தித் தங்க வேண்டிய இடத்தில், வெளிச்சமும் காற்றும் சுத்தமும் உள்ள ஓய்வறையோ அதற்கு ஈடான வேறு தங்குமிடமோ முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிற்று. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர ரூட்டிலும் திருவிழாக் காலத்திலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும்.

2020-ல் நாடாளுமன்றம் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்த 1961 சட்டத்தையும் சேர்த்து 13 சட்டங்கள் அதற்குள் கரைந்தன. 2025 நவம்பர் 21-ல் தொகுப்பு அமலுக்கு வந்தது. கான்டீனுக்கு நூறு பேர் என்ற வரம்பு அதிலும் இருக்கிறது. ஆகவே ஒற்றை லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை செய்கிறவருக்கு அன்றும் கான்டீன் இல்லை, இன்றும் இல்லை. வாடகை வேன் ஓட்டுகிறவருக்கும் இல்லை.

இருந்த சட்டமாவது நடந்ததா? அறுபது வருஷத்துக்கு மேல் ஏட்டில் இருந்தது, "ராத்திரித் தங்கலுக்கு ஓய்வறை" என்ற வாசகம். நமது ஊருக்கு ராத்திரி வந்து தங்கும் டிரைவர், கண்டக்டர் தோழர்களைக் கேளுங்கள். பஸ்ஸுக்குள் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டுக் கடைகளின் நடைபாதை. விடியற்காலை நாலரை மணிக்கு முதல் டிரிப். கண்ணில் தூக்கம் தொங்க, அறுபது பேரின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை எடுக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறோம். ஓய்வறை முதலாளியின் கடன். அது தனியார் முதலாளியாக இருந்தாலும் சரி, சர்க்கார் கழகமாக இருந்தாலும் சரி. அந்தக் கடனைக் கேட்டு வாங்க வேண்டும், விடக் கூடாது. நாமே ஒரு மன்றம் கட்டிக்கொண்டோம் என்பதால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது. "உங்களுக்குத்தான் இடம் இருக்கிறதே" என்று நாளை ஒரு மேனேஜர் சொல்வார். "அது எங்கள் வீடு, நீங்கள் தர வேண்டியதை நீங்கள் தாருங்கள்" என்று அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கட்டடமும் ஒரு நிபந்தனையும்

போன வருஷம் ஒரு பஸ் முதலாளி நமது கமிட்டித் தோழர்களுக்குச் சொல்லி அனுப்பினார். பெயர் வேண்டாம். மரியாதையாகவே பேசினார், உட்கார வைத்துக் காபியும் கொடுத்தார். "மெத்தை போட்ட கட்டடமே கட்டித் தருகிறேன். மின்விசிறி, டெலிவிஷன் எல்லாம் என் பொறுப்பு. என் தகப்பனார் பெயரை வாசலில் எழுதுங்கள். சாவி என் மேனேஜரிடம் இருக்கும். உள்ளே சங்கப் பேச்சு மட்டும் வேண்டாம்" என்றார்.

தோழர்கள் உடனே மறுத்துவிடவில்லை. மூன்று ராத்திரி கூடிப் பேசினார்கள். "படுக்க இடம் இல்லாதவன் நிபந்தனை பார்க்கலாமா? முதலில் முதுகைச் சாய்ப்போம். பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார் ஒரு மூத்த லாரி டிரைவர். அதில் நியாயம் இல்லையென்று யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷம் லாரியில் படுத்தவர் அவர். ஒரு கண்டக்டர் எழுந்து, "கட்டிலைக் கொடுத்து வாயைக் கேட்கிறார். சாவி அவரிடம் இருந்தால், வேலைநிறுத்தம் வரும் நாளில் முதலில் பூட்டுவது இந்தக் கதவைத்தான்" என்றார். அதன் பிறகு கையைத் தூக்கி முடிவு செய்தார்கள். மறுப்பது என்று பெரும்பான்மை. அந்த மூத்த டிரைவரும் முடிவுக்குக் கட்டுப்பட்டு, மறுநாளே முதல் சந்தாவை மேஜையில் வைத்தார்.

அந்த முடிவுக்கு விலை உண்டு, தோழர்களே. மேலும் ஒரு வருஷம் நமது தோழர்கள் தரையில் படுத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் நனைந்தார்கள். அதைச் சின்ன விஷயமாகச் சொல்லி மறைக்கக் கூடாது. ஆனால் இன்று சாவி நம் இடுப்பில் இருக்கிறது.

மாதம் ஐம்பது ரூபாய் சந்தா. கிளீனருக்கும் சுமை ஏற்றுகிறவருக்கும் இருபது ரூபாய். மில் தோழர்கள் கட்டில்களுக்கு ஜமுக்காளம் தந்தார்கள். விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து மண் சுமந்து தளம் போட்டுக் கொடுத்தார்கள். வெல்டிங் பட்டறைத் தோழர்கள் கூலி வாங்காமல் கூரைச் சட்டம் அடித்தார்கள். வாசலில் எந்தப் பிரபுவின் தகப்பனார் பெயரும் இல்லை.

ஒரே தம்ளர்

வீடு நம்முடையது என்றால், யார் யாருக்கு அதில் இடம் என்ற கேள்வி வருகிறது. இதிலும் ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். இது கொஞ்சம் கசப்பான வரலாறு.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்று ஒரு நகரம். அங்கே பஸ் கம்பெனி, கறுப்பர்களையும் ஆசியர்களையும் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுப்பதில்லை. கம்பெனி மட்டுமா? 1955-ல் அந்த ஊர்த் தொழிற்சங்கக் கிளையே, வெள்ளையரல்லாதாரைப் பஸ் வேலைக்கு எடுக்கக் கூடாதென்று தீர்மானம் போட்டிருந்தது! சங்கம் என்ற பெயர் இருந்தால் போதாது, தோழர்களே. சங்கத்துக்குள்ளேயும் சுவர் எழும்பலாம்.

1963-ல் ஜமைக்காவிலிருந்து வந்த கய் பெய்லி என்ற இளைஞருக்கு, நிறத்தைக் காரணம் காட்டி வேலை மறுத்தார்கள். பால் ஸ்டீவன்சன், ராய் ஹேக்கெட் முதலியவர்கள் முன்நின்று, "பஸ்ஸில் ஏறாதீர்" என்று மக்களைத் திரட்டினார்கள். ஏப்ரல் முதல் நாலு மாதம் நடந்தது இயக்கம். ஆகஸ்ட் 27-ல் சுமார் ஐந்நூறு பஸ் தொழிலாளர்கள் கூடி நிறத் தடையை நீக்க ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் கம்பெனியும் பணிந்தது. செப்டம்பர் 17-ல் அந்த ஊரின் முதல் வெள்ளையரல்லாத கண்டக்டராக வேலையில் சேர்ந்தவர் ஒரு சீக்கியர்; ரக்பீர் சிங் என்று பெயர்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கம் வேண்டியதில்லை. டீக்கடையில் இரட்டைத் தம்ளர் என்றால் என்ன என்பதை நாக்கால் அறிந்தவர்கள் நீங்கள். அதை எதிர்த்து அடிபட்டவர்களும் நீங்கள்தான்.

நமது தொழிலிலும் மேல் கீழ் உண்டு. சர்க்கார் பஸ் டிரைவர் என்றால் ஒரு மரியாதை. மினி பஸ் டிரைவர் என்றால் அதற்குக் கீழே. லாரிக்காரர் அதற்கும் கீழே. கிளீனர் எல்லோருக்கும் கீழே. டிரைவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கிளீனர் உட்காருவார். டிரைவர் உள்ளே படுப்பார்; கிளீனர் தார்ப்பாயின் மேல் படுப்பார். இதோடு ஜாதியும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே மன்றத்தின் விதிகளில் முதல் விதியாக இதை எழுதியிருக்கிறார்கள்: இங்கே ஒரே பானை, ஒரே தம்ளர், ஒரே வரிசை. முதலில் வந்தவருக்கு முதல் கட்டில். அவர் டிரைவரா கிளீனரா என்ற கேள்வி இல்லை. கமிட்டியில் கிளீனர் ஒருவர், சுமைத் தொழிலாளி ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்.

பெண்களை மறந்துவிடவில்லை. 1993-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி என்ற சகோதரி அரசு பஸ் டிரைவராக வேலைக்குச் சேர்ந்தார். அன்று முதல் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. பெண்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், டிக்கெட் கொடுக்கிறார்கள். ஆனால் ஸ்டாண்டில் அவர்களுக்கென்று ஒரு சுத்தமான கழிப்பறைக்கு எங்கே போவது? தண்ணீர் குடித்தால் சங்கடம் என்று நாள் முழுக்கத் தொண்டை வறண்டு வேலை செய்கிறார்கள். அதனால்தான் கட்டிலுக்கு முன்னால் கழிப்பறையைக் கட்டினார்கள் நமது தோழர்கள். அது சரியான வரிசை.

சீட்டும் சாராயமும்

"மனமகிழ் மன்றம்" என்ற பலகையை நீங்கள் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். கதவைத் திறந்து உள்ளே போனால் மனம் மகிழ்வதற்குப் பாட்டிலும் சீட்டுக்கட்டும்தான் இருக்கும். மன்றங்களுக்கென்று மது உரிமம் தனியாகவே உண்டு. அந்த உரிமத்துக்காகவே மன்றம் நடத்துகிறவர்களும் உண்டு.

நமது மன்றத்தில் குடியும் இல்லை, காசு வைத்த சீட்டும் இல்லை. இதை உபதேசமாகச் சொல்லவில்லை. காலை டிரிப் எடுக்கிறவர் ராத்திரி குடித்தால் அது அவரோடு முடிகிற விஷயம் அல்ல. சீட்டில் கூலியை இழந்தவர் கடனுக்கு முதலாளியிடம்தான் போவார். கடன் வாங்கியவரின் வாயைச் சுலபமாக மூடலாம். எந்த முதலாளியின் நிபந்தனையை மறுத்தோமோ, அதே நிபந்தனை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

அதே சமயம், இந்த இடத்தை மௌனசாமிகளின் மடமாக்கவும் கூடாது. கேரம் போர்டு இருக்கிறது. வாசலில் வாலிபால் வலை கட்டியிருக்கிறார்கள். விளையாடுங்கள், பாடுங்கள், சிரியுங்கள். உட்கார்ந்தே வேலை செய்யும் உடம்புக்கு ஓட்டமும் குதிப்பும் மருந்து. லண்டன் பஸ் தொழிலாளரை ஆராய்ந்த ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1953-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு நோய் அதிகம் என்று கண்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே பஸ்; ஆனால் ஒருவர் நடக்கிறார், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே வாலிபால் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம்.

மணிக்கணக்கு நோட்டு

மேஜை மேல் நீல அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டு இருக்கிறது. இந்த மன்றத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

அதில் ஐந்து பத்திகள். வண்டி எடுத்த நேரம், விட்ட நேரம், நடுவே ஓய்வு கிடைத்ததா, எங்கே சாப்பிட்டார், எங்கே படுத்தார். இங்கே வருகிற ஒவ்வொரு தோழரும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒருவர், "பதினாலு மணி நேரம் ஓட்டினேன்" என்று சொன்னால், "ஏதோ ஒரு நாள்" என்பார் மேனேஜர். நூறு பேர், ஆறு மாதம், தேதி போட்டு எழுதியதை நீட்டினால் என்ன சொல்வார்? ஐரோப்பிய நாடுகளில் லாரி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு எடுக்க வேண்டும் என்பது விதி. வண்டியிலேயே பொருத்திய கருவி நேரத்தைப் பதிவு செய்கிறது. நம்மிடம் இப்போதைக்குப் பேனாதான் இருக்கிறது. பேனாவும் சாட்சி சொல்லும்.

1937 மே மாதம் லண்டன் பஸ் தொழிலாளர்கள் சுமார் 26,000 பேர் நாலு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு நாளைக்கு அரை மணி நேரம். எட்டு மணி வேலையை ஏழரை மணியாக்கு என்றார்கள். பஸ்ஸின் வேகம் கூடிவிட்டது. சாப்பாட்டுக்கு நேரம் தவறுகிறது. வயிற்று நோய் எங்களைத் தின்கிறது என்றார்கள். கேட்டது அப்போது கிடைக்கவில்லை. ஆனால் டிரைவரின் வயிற்றுவலிக்குக் காரணம் வீட்டுச் சமையலில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது என்பதை ஊரறியச் சொன்னார்கள். நமது நோட்டில் "எங்கே, எப்போது சாப்பிட்டார்" என்ற பத்தி இருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு வேலையும் இங்கே நடக்கும். ஓட்டுநர் நலவாரியத்தில் பதிவு செய்யாத தோழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாரம் எங்கே கிடைக்கும், என்ன எழுதுவது, யாரைப் பார்ப்பது என்பது தெரியாமலே வயது போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் ஒரு தோழர் இங்கே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார்.

மில் தோழர்களுக்கும் வயல் தோழர்களுக்கும்

இனி, முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறோம். "நமக்கென்ன?"

மில் தோழரே, உங்கள் முதல் ஷிப்டுக்கு உங்களைக் கொண்டு வந்து விடுகிறவர், உங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்தவர். அவர் தூங்கினாரா இல்லையா என்பது உங்கள் பிள்ளைகளின் சோற்றுப் பிரச்சினை. வயல் தோழரே, நீங்கள் அறுத்த நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் ஓட்டுகிறவர், நீங்கள் வாங்குவது போல டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்தான். லோடு இல்லாத நாளில், நடவு இல்லாத நாளில் நீங்கள் இருப்பதைப் போலத்தான் அவரும் இருக்கிறார்.

சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போடுகிறோம். வண்டி நிற்கவில்லை என்று டிரைவரைத் திட்டுகிறோம். தவறு செய்தால் கேட்க வேண்டியதுதான். ஆனால் பஸ் குறைவு, கூட்டம் அதிகம், நேரம் போதாது என்ற ஏற்பாட்டைச் செய்தவர் வண்டியில் இல்லை. சண்டை போடுகிற இரண்டு பேரும் அவருடைய ஏற்பாட்டில் நசுங்குகிறவர்கள். பஸ் ஊழியர் நாளை வேலைநிறுத்தம் செய்தால், "ஜனங்களை வதைக்கிறார்கள்" என்று உங்களிடம்தான் வந்து சொல்வார்கள். அப்போது இந்த நோட்டை வந்து படித்துப் பாருங்கள். கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது.

கடைசியாக மூன்று காரியங்கள்.

ஒன்று: சந்தாவை நிறுத்தாதீர்கள். முதல் மாதம் உற்சாகம் இருக்கும். நாலாவது மாதம் கரண்டுப் பில் வரும். மன்றங்கள் எதிரியால் சாகிறதைவிடச் சந்தாப் பாக்கியால் சாகிறது அதிகம். பணம் குறையும் அந்த மாதத்தில்தான் மறுபடியும் ஒரு முதலாளி காபி கொடுக்கக் கூப்பிடுவார்.

இரண்டு: கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கமிட்டி மேல் சந்தேகம் வந்தால் மூலையில் முணுமுணுக்க வேண்டாம். கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

மூன்று: வெளியூர் வண்டிக்காரர் யார் வந்தாலும், எந்தச் சங்கத்தில் இருந்தாலும், எந்தச் சங்கத்திலும் இல்லாவிட்டாலும், ஆந்திரத்திலிருந்து வந்தாலும் பீகாரிலிருந்து வந்தாலும், அவருக்கு ஒரு தம்ளர் டீயும் கால் நீட்ட இடமும் கொடுங்கள். போகும்போது நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் தமது ஊரில் போய்ச் சொல்வார். அங்கேயும் ஒரு கூரை எழும்பும்.

நாளை விடியற்காலை முதல் டிரிப் எடுக்க வேண்டிய தோழர்கள் நாலு பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். மணி ஒன்பது ஆகப் போகிறது. அவர்கள் இனி பஸ்ஸுக்குள் துண்டை விரிக்க வேண்டாம். கட்டில் போட்டிருக்கிறது. அவர்கள் போய்ப் படுக்கட்டும். நாம் சத்தம் போடாமல் கலைந்து போவோம்.